அடிபட்ட பூனையின் சிகிச்சைச் செலவுக்காகக் குழந்தைத் துணிகளை இணையத்தில் விற்பது எப்படி?

வண்டியில் அடிபட்டோ மாடியிலிருந்து விழுந்தோ காயமடைந்த பூனையை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும் நாளில் தேவைப்படும் பணம் ஒரு வகை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் சிறுகச் சிறுகத் தேவைப்படும் பணம் இன்னொரு வகை. முதல் வகைப் பணத்தைத் துணி விற்றுத் திரட்ட முடியாது. படம் எடுத்து, விவரம் எழுதி, வாங்குபவர் யோசித்து முடிவெடுப்பதற்குள் பூனையின் நிலை கைமீறிப் போய்விடும். எக்ஸ்ரே, வலி மருந்து, ட்ரிப்ஸ், அறுவை சிகிச்சைக்கான முன்பணம் ஆகியவற்றைக் கையிருப்பிலிருந்தோ நெருங்கியவர்களிடம் கைமாற்று வாங்கியோ அன்றே கட்டிவிட வேண்டும். துணி விற்பனை கைகொடுப்பது அதற்குப் பிறகுதான்: மறு எக்ஸ்ரே, கட்டு மாற்றுதல், மாத்திரை, தானாகச் சாப்பிடாத பூனைக்கான தனி உணவு, கூண்டு, வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தருதல் என்று நீளும் செலவுகளுக்கு, குழந்தை வளர்ந்துவிட்ட வீட்டின் பரணிலும் பீரோவிலும் கிடக்கும் துணிகள் உண்மையாகவே உதவும்.

எவ்வளவு பணம் வேண்டும் என்பதை எக்ஸ்ரே பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. இடுப்பெலும்பு முறிந்த பூனைகளில் பல, எலும்பு அதிகம் விலகாமல் இருந்தால், அறுவை சிகிச்சை இல்லாமலேயே நான்கிலிருந்து ஆறு வாரம் கூண்டு ஓய்வில் தேறிவிடும். தொடையெலும்பு முறிந்திருந்தால் கம்பியோ தகடோ பொருத்த வேண்டியிருக்கும். கீழ்த்தாடை நடுவே பிளந்திருந்தால் கம்பி கட்டி, சில காலம் குழாய் வழியாக உணவு கொடுக்க நேரலாம். மூன்றுக்கும் ஆகும் செலவு ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கும். ஆகவே இன்றைக்கு எவ்வளவு, அடுத்த வாரம் எவ்வளவு, கடைசிப் பரிசோதனை வரை எவ்வளவு என்று மருத்துவரிடம் படிப்படியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காது என்று தோன்றினால், சென்னை வேப்பேரியில் உள்ள, 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காட்டலாம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் செலவு குறையும். செலவைக் குறைப்பதாக எண்ணி வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் உடலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறிக்கப் போதும்.

தொகை தெரிந்தபின், அதைத் துணியின் கணக்கில் மாற்றிப் பாருங்கள். 6,000 ரூபாய் வேண்டும் என்றும், ஒரு கட்டுத் துணி 400 ரூபாய்க்குப் போகும் என்றும் வைத்துக்கொண்டால், 15 கட்டுகள் விற்றாக வேண்டும். ஒரு குழந்தையின் துணியில் அவ்வளவு தேறுவது கடினம். அக்கா வீடு, நாத்தனார் வீடு, அடுக்குமாடியில் உள்ள மற்ற தாய்மார்கள் என்று கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். கேட்கும்போதே, விற்ற பணம் பூனையின் சிகிச்சைக்குப் போகிறது என்பதையும், விற்காமல் மிஞ்சும் துணி திரும்ப வேண்டுமா என்பதையும் பேசிவிடுங்கள். ‘சும்மா கொடுத்தேனே, அதை விற்றுவிட்டாளா?’ என்ற பேச்சு உறவுக்குள் பின்னால் கிளம்பாமல் இருக்க அந்த ஒரு வார்த்தை உதவும்.

துணியைப் பிரிப்பது

இந்த வேலையில் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். துணியை வாங்கி உடுத்தப்போவது பேசத் தெரியாத ஒரு குழந்தை. பூனைக்கு நல்லது செய்யும் ஆவலில் அந்தக் குழந்தைக்கு ஒரு கெடுதல் போய்ச் சேரக்கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது பாச்சை உருண்டை. பழந்துணி இருக்கும் பெட்டிகளில் நாப்தலீன் உருண்டை போட்டு வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றக்கூடும். பச்சிளம் குழந்தைக்குக் காமாலை கடுமையானால் மூளையே பாதிக்கப்படும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் பெற்றோருக்கே தெரிந்திருக்காது. ஆகவே உருண்டையோடு கிடந்த துணிகளில், பிறந்தது முதல் மூன்று மாதம் வரைக்கும் உரியவற்றை விற்பனைக்கே எடுக்காதீர்கள். பெரிய அளவுகளைப் பலமுறை துவைத்து, நாள்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, வாடை துளியும் இல்லை என்று முகர்ந்து பார்த்தபின், உருண்டை போட்டிருந்த விவரத்தையும் சொல்லி விற்கலாம். விற்பனை முடியும் வரை துணிகளுக்குப் பூச்சி வராமல் காக்க உலர்ந்த வேப்பிலை போதும்.

அடுத்தது பூனையின் பக்கத்திலிருந்து வருவது. தெருவிலிருந்து எடுத்த பூனைக்கு, குறிப்பாகக் குட்டிக்கு, படர்தாமரை இருப்பது அரிதல்ல. வட்டமாக முடி உதிர்ந்து செதிலாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பூஞ்சை மனிதருக்கும் தொற்றும். உதிர்ந்த முடியிலும் செதிலிலும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூனை இருக்கும் அறைக்குள் துணிமூட்டை வரவே கூடாது. பூனைக்கு மருந்து கொடுத்த கையோடும் அதைத் தூக்கிய உடையோடும் துணிகளை மடிக்க உட்காராதீர்கள். துவைத்து உலர்ந்த துணிகளை உடனே ஜிப் வைத்த உறையில் போட்டு மூடிவிடுங்கள். படர்தாமரை உறுதியாகிவிட்டால், மருத்துவர் போதும் என்று சொல்லும் வரை உங்கள் வீட்டிலிருந்து எந்தத் துணியும் வெளியே போகாமல் இருப்பதே நியாயம். துணிகள் அக்கா வீட்டிலேயே இருந்தால், அங்கேயே துவைத்து அங்கிருந்தே அனுப்பச் சொல்லலாம்.

பிறகு ஒவ்வொரு துணியையும் கையிலெடுத்துப் பாருங்கள். டிச் பட்டன்களை அழுத்தித் திறந்து, பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த பட்டன், ஒட்டுக்கல், மணி, சமிக்கி எதுவானாலும் குழந்தையின் வாய்க்குப் போய்த் தொண்டையில் அடைக்கக்கூடியது. இறுகத் தைக்க முடிந்தால் தையுங்கள், முடியாவிட்டால் பிய்த்தெடுத்துவிடுங்கள். குல்லாவிலும் கழுத்திலும் தொங்கும் நாடா எங்கேயாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும் என்பதால் அதை உருவிவிட வேண்டும். காலுறைகளையும் கையுறைகளையும் உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்ளே தொங்கும் நூலிழை பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறது. கால்சட்டையின் எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும்.

தேறாத துணிகளை வீசிவிடாதீர்கள். பயன்படுத்திய லங்கோடுகளையும் வெளுத்துப்போன ஜப்லாக்களையும் யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள், விற்கவும் கூடாது. ஆனால் கூண்டு ஓய்வில் இருக்கும் பூனைக்கு அவற்றைவிட நல்ல விரிப்பு கிடையாது. எங்கள் தெருப் பூனை இடுப்பு முறிந்து கிடந்தபோது, சிறுநீரில் நனைந்த விரிப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சியது, நகம் மாட்டவில்லை, தோல் புண்ணாகவும் இல்லை. நாடாவையும் பட்டனையும் மட்டும் நீக்கிவிட்டு விரியுங்கள்.

துவைத்தலும் படமும்

துவைத்து மடித்து வைத்த துணியிலும் மாதங்கள் கழித்து மஞ்சளாகத் தெரியும் கறை பெரும்பாலும் பால்கறைதான். அதற்குக் கொதிநீர் ஊற்றினால் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். முதலில் குளிர்ந்த நீரில் அலசி, நொதி கலந்த சலவைத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பிறகு துவைத்து ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். வெள்ளைத் துணியானால் வெயிலே பாதிக் கறையை எடுத்துவிடும். மணமூட்டும் திரவங்களைச் சேர்க்க வேண்டாம். குழந்தையின் தோலுக்கு அவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வாங்குபவருக்கோ எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயமும் எழும். மழைக்காலத்தில் தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் மடிப்புத் தையலில் ஈரம் இருக்கும். அதோடு உறையில் போட்டால் பூசண வாடை பிடித்துவிடும் என்பதால், இஸ்திரி போட்டு ஆறவைத்து மடிப்பது நல்லது.

படம் எடுக்கக் கைபேசி போதும். ஜன்னலோரம், காலை வெளிச்சத்தில், பூவேலைப்பாடு இல்லாத வெளிர்நிறப் படுக்கை விரிப்பின்மீது துணிகளைப் பரப்பி, ஃபிளாஷ் இல்லாமல் மேலிருந்து எடுங்கள். கட்டு முழுவதற்கும் ஒரு படம், அளவுச்சீட்டுக்கு ஒரு படம், குறை இருக்கும் இடத்துக்கு அருகிலிருந்து ஒரு படம் என்று எடுத்தால் பாதிக் கேள்விகள் எழாமலேயே போய்விடும். அந்த உடையை உங்கள் குழந்தை அணிந்திருக்கும் படத்தைப் போடாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும் இடத்தில் குழந்தையின் முகம் இருக்கத் தேவையில்லை. பூனையின் இரத்தக் காயத்தையும் துணிப் படங்களுக்கு நடுவே வைக்க வேண்டாம். பிள்ளைக்குச் சட்டை பார்க்க வந்த தாயை அது கலங்கடிக்கும். கூண்டுக்குள் அமைதியாகப் படுத்திருக்கும் படம் ஒன்று கடைசியில் இருந்தால் போதும்.

அளவை நாடாவால் அளந்து எழுதுங்கள். ‘3–6 மாதம்’ என்று சீட்டில் இருப்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; திருப்பூரில் ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு உபரியாகக் கடைக்கு வந்த துணிகள் வெளிநாட்டுக் குழந்தைகளின் அளவில் பெரிதாகவே இருக்கும். சமதரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அகலத்தையும், தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் கொடுத்தால், வாங்குபவர் தம் குழந்தையின் சட்டையோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

விலையும் விவரக்குறிப்பும்

ஒற்றை ஜப்லாவைத் தனியாக விற்றால் அனுப்பும் செலவு துணியின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே ஒரே அளவுத் துணிகளைக் கட்டாகச் சேர்த்து விற்பதே சரி. பட்டுப்பாவாடை, ஒருமுறை மட்டும் அணிந்த விழா உடை, கம்பளிச் சட்டை ஆகியவை தனித்தே விலைபோகும். பட்டுப்பாவாடையைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பும், கம்பளிச் சட்டையை ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு போகிறவர்கள் தேடும் கார்த்திகை, மார்கழியிலும் விற்பனைக்கு எடுத்தால் பேரம் குறையும். விலையைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் உள்ள துணிக்குப் புதிதின் விலையில் மூன்றில் ஒரு பங்கும், சற்று வெளுத்ததற்கு ஐந்தில் ஒரு பங்கும் என் கணக்கு. பூனைக்காக என்று சொல்லி அதற்குமேல் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. பழைய துணி தேடும் தாய் பெரும்பாலும் கையைக் கடிக்கும் செலவுகளுக்கு நடுவே இருப்பவர். அவரிடம் துணியை அதன் நியாயமான விலைக்கு விற்க வேண்டும். பூனைக்கு மேற்கொண்டு கொடுக்க விரும்புகிறவரிடம் அதைத் தனியாகப் பெற்றுக்கொள்ளலாம். விற்பனையையும் உதவி கேட்பதையும் கலந்துவிட்டால், வாங்குபவருக்குப் பேரம் பேசவும் கூச்சமாக இருக்கும், குறை சொல்லவும் கூச்சமாக இருக்கும்.

விவரக்குறிப்பை இப்படி எழுதலாம்:

‘3–6 மாதக் குழந்தைக்கான பருத்தி உடைகள், ஒரு கட்டு. கையில்லாத ஜப்லா 5, அரைக்கை ரோம்பர் 2, கால்சட்டை 3. ஒரு குழந்தை அணிந்தவை. ஜப்லாவின் அகலம் 24 செ.மீ., நீளம் 30 செ.மீ. ஒரு ரோம்பரின் கழுத்தோரம் பால்கறை லேசாகத் தெரியும். நான்காவது படத்தில் காணலாம். பாச்சை உருண்டை போடாமல் வைத்திருந்தவை. வீட்டில் பூனை உண்டு. துணிகள் பூனை வராத அறையில் உள்ளன. விலை 400 ரூபாய், அனுப்பும் செலவு தனி. இந்தத் தொகை விபத்தில் அடிபட்ட பூனையின் சிகிச்சைக்குச் செல்கிறது. மருத்துவமனை ரசீது கேட்டால் காட்டப்படும்.’

பூனையின் சிகிச்சையைப் பற்றிய பேச்சு இரண்டே வாக்கியந்தான், அதுவும் கடைசியில். பிறந்த குழந்தைக்குத் தோய்த்துத் தோய்த்து மெத்தென்றான பழந்துணியையே முதலில் உடுத்தும் வழக்கம் நம் பல குடும்பங்களில் இருப்பதால், பழையது என்பது இங்கே குறையே அல்ல. ஆனால் அந்தத் துணி தெரிந்த வீட்டிலிருந்து வருவது. முகம் தெரியாத உங்களை நம்புவதற்கு வாங்குபவருக்கு இருக்கும் ஆதாரம், நீங்களாகவே சொல்லும் அந்தப் பால்கறை.

எங்கே போடுவது என்றால், முதல் இடம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவும் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும். அனுப்பும் செலவு இல்லை, ஆளும் தெரிந்தவர். அடுத்து உங்கள் பகுதியின் தாய்மார் குழுக்கள், இன்ஸ்டாகிராம். அதற்குப் பிறகுதான் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஓஎல்எக்ஸ் போன்ற பொதுச் சந்தைகள். பொருள் விற்பதற்கான இடங்களாகிய அவற்றில், நன்கொடை கேட்கும் அறிவிப்பைத் தனியாக இட்டால் நீக்கிவிடுவார்கள்.

பணம் பெறுவதும் அனுப்புவதும்

பொதுச் சந்தையில் விளம்பரம் போட்ட சிறிது நேரத்திலேயே, துணியைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், சொன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வருவார். இராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். பிறகு ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால் பணம் வரும் என்பார். யுபிஐயில் பணம் பெறுவதற்கு எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணும் தேவையில்லை. பின் எண் கேட்கும் திரை வந்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்புங்கள் என்பதும் அதே ஏமாற்று வேலைதான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்தபின்னரே பார்சலைக் கட்டுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்; எவ்வளவு விரைவாகப் புகார் போகிறதோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

நேரில் வாங்க வருகிறவரை அடுக்குமாடியின் வாயிலிலோ அருகிலுள்ள கடையிலோ சந்தியுங்கள். வெளியூருக்கு ஸ்பீட் போஸ்ட் நம்பகமானது. எடைப்படிகள் உண்டு என்பதால், கட்டை மடித்துச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 500 கிராமைச் சற்றே தாண்டினாலும் அடுத்த படிக்கான கட்டணம் விழும், ஒரு கால்சட்டையை எடுத்துவிட்டால் அது மிச்சம். துணியை முதலில் பாலித்தீன் உறையில் காற்றை நீக்கி மூடி, அதன்மேல் பார்சல் உறையைப் போட்டால் மழைக்கும் தாங்கும்.

கணக்கு

வரும் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காமல், பயன்படுத்தாத சேமிப்புக் கணக்கு ஒன்று இருந்தால் அதில் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு நோட்டில் இடப்பக்கம் வரவும் வலப்பக்கம் மருத்துவமனைச் செலவும் எழுதுங்கள். மருத்துவமனை ரசீதில் உங்கள் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மறைத்துவிட்டுப் படமெடுத்து வைத்துக்கொண்டால், கேட்பவருக்கு உடனே அனுப்பலாம். துணியே வேண்டாம், பூனைக்குப் பணம் தருகிறேன் என்கிறவரிடம், கூடுமானவரை மருத்துவமனையின் கணக்குக்கே நேராகச் செலுத்தச் சொல்லுங்கள். வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை: வீட்டார் அணிந்த உடைகளை வருமான வரிச் சட்டம் சொந்த உபயோகப் பொருளாகவே பார்க்கிறது, மூலதனச் சொத்தாகக் கருதுவதில்லை. ஆனால் விற்பனை நன்றாகப் போகிறதே என்று திருப்பூரிலிருந்து மொத்தமாக வாங்கி விற்கத் தொடங்கினால் அது வியாபாரம். அதற்கான விதிகள் வேறு.

சிகிச்சை எல்லா நேரத்திலும் பலன் தருவதில்லை. உள்ளுறுப்பில் அடிபட்ட பூனை தேறுவதுபோல் இருந்து திடீரென்று இறந்துபோவது உண்டு. அப்படி நேர்ந்தால் விற்பனையை அன்றே நிறுத்தி, பணம் கொடுத்துத் துணிக்காகக் காத்திருப்பவர்களுக்கு விவரத்தைச் சொல்லி, வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்லுங்கள். பெரும்பாலோர் துணியையே அனுப்பச் சொல்வார்கள். மருத்துவமனையில் பாக்கி இருந்தால் அதை மறைக்காமல் எழுதி, அது தீரும் வரை விற்பனையைத் தொடரலாம். பணம் மிஞ்சினால் எங்கே போகும் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்து எழுதிவைப்பது நல்லது: அதே மருத்துவமனையில் வேறொரு தெரு விலங்கின் சிகிச்சைக்கோ, 1959-இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புக்கோ கொடுக்கலாம்.

பூனை தேறி, பாக்கியும் தீர்ந்த பிறகு துணிகள் மிச்சமிருந்தால், அவற்றைத் தொடர்ந்து விற்பதில் தவறில்லை. ஆனால் எல்லா விளம்பரங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சிகிச்சையையும் ரசீதையும் பற்றிய கடைசி இரண்டு வாக்கியங்களை அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.